கரிமுத்துவுக்கு நாற்காலி கிடையாது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். நல்ல சட்டை. கழுத்துப் பொத்தானைப் போடாமல் விட்டிருக்கிறாய், அதுதான் இப்போது நாகரிகம் போலிருக்கிறது. உனக்குப் பின்னால் சுவரில் அந்த வெள்ளி நிற ரோபோ நிற்கிறது. ஏழு வயதில் தனியாக உட்கார்ந்து கற்பனை செய்த போர் இயந்திரத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோகும் கிள்ளான் இளைஞர் என்று கீழே போட்டிருக்கிறார்கள். ‘தனியாக’ என்ற சொல்லை நீ சொன்னாயா, அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்கலாமென்று போனிடம் போனேன். அதற்குள் நீயே கூப்பிட்டுவிட்டாய். என்ன பேசினோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். பேசி முடித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். உன் கதையை நீ பத்திரிகையில்தான் சொன்னாய், அதனால் நானும் அங்கேயே அனுப்புகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. அந்தப் பத்திரிகைக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு.

அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிற மகனுக்கு ஒரு தாய் வேறு மாதிரி எழுதவேண்டும். கம்பளி எடுத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பச்சை மீனைக் கண்டபடி வாயில் போடாதே, இப்படி. இதெல்லாம் எனக்கும் எழுதத் தெரியும். எழுத ஆரம்பித்தால் கை வரமாட்டேன் என்கிறது. உன் அப்பா எதிரில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே என்னைச் சமாதானம் செய்கிறார். “விடேன். ஊரான் புள்ளையா தூக்கிட்டுப் போயிட்டான்? நம்ம புள்ளதானே. அவன் பேரு வந்தா நம்ம பேரு வந்த மாதிரிதானே.” நான், “ஒங்க பேரு வந்த மாதிரி” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் உன் பெயருக்குப் பின்னால் இன்னாருடைய மகன் என்று மலாயில் போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பார்கள். அடையாள அட்டையில் அப்படி, கடப்பிதழில் அப்படி, நீ கையெழுத்துப் போடப்போகிற ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கும். அந்த ரோபோவை, நம் கரிமுத்துவை, பெற்றவன் என்று உன் பெயர் வருகிற இடத்திலெல்லாம் உன்னைப் பெற்றவர் என்று அவர் பெயரும் வரும். தேடிப் பார்த்தேன், என் பெயர் வருவதற்கு அதில் ஓர் இடமும் இல்லை. விளக்கிச் சொன்னதும் அவர் மறுபடி செய்திக்குத் திரும்பிவிட்டார்.

கரிமுத்து பிறந்தது நீ முதல் வகுப்பில் சேர்ந்த வருஷம். நான் சுங்கைவேயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. மதிய ஷிப்ட் வாரங்களில் நீ பள்ளிவிட்டு வருவதற்கும் கம்பெனி பஸ் முச்சந்தியில் வந்து நிற்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கவேண்டும். நீ பக்கத்து வீட்டு டிவியில் ஜப்பான் ரோபோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். “நம்ம ஊர்ல மட்டும் ஏம்மா ரோபோ இல்ல?” என்று கேட்டாய். சோறு இறங்கவேண்டுமே என்பதற்காக, இருந்தது என்று சொன்னேன். “பேரு?” என்றாய். நான் வளர்ந்த இடத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கரிமுத்து என்று ஒருவர் இருந்தார், கறுப்பாக, வாட்டசாட்டமாக, லேசாக நொண்டுவார். அந்தப் பெயர் வாயில் வந்தது. சோறு இறங்கியது. அன்றைக்குப் பஸ்ஸை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினேன்.

கரிமுத்துவின் வரலாற்றை உனக்கு நினைவூட்டவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பத்திரிகையில் நீ சொன்னது வேறு. நீ சொன்னதில் ஓர் ஆய்வுக்கூடம் வருகிறது, பேராசிரியர் ஒருவர் வருகிறார், வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. கரிமுத்துவுக்குப் பேராசிரியர் யாரும் கிடையாது. கடல் வழியாக ஒரு படை வந்து கிள்ளான் துறைமுகத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்த நாட்டுப் படை என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அரசாங்கத்தின் பீரங்கிகளெல்லாம் கடலோரச் சேற்றில் அச்சுவரை இறங்கிவிடுகின்றன. ரயில்வேயில் டீசல் வந்துவிட்டபடியால் பழைய நீராவி எஞ்சின்களை ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார்கள் அல்லவா, செந்தூல் பட்டறை ஆட்கள் அவற்றைப் பிரித்துப்போட்டு ஓர் ஆளாக நிறுத்துகிறார்கள். இரண்டு கொதிகலன் கால்கள், ஒன்று உடம்பு. இரண்டு காலும் வேறு வேறு எஞ்சினிலிருந்து வந்ததால் இடது கால் கட்டை, அதனால் அவனும் நொண்டுவான். முட்டியில் இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ரப்பர்ப் பாளங்களை அடுக்கியிருந்தார்கள். எரிக்கச் செம்பனைக் கொட்டை ஓடு. தண்ணீர் குடிக்க ஆற்றோரம் மண்டியிடவேண்டும், மண்டியிட்டால் லேசில் எழுந்திருக்க முடியாது, எதிரிக்கு அது தெரியும். ஆயுதம் என்று பார்த்தால் தண்டவாளத் துண்டுகள்தான், கையால் பிடுங்கி எறிவான். பத்துமலைப் படியின் உச்சி அவன் தோளுக்கு வரும். “பறக்க மாட்டானாம்மா?” என்று நீ அழுதாய். “கொதிகலன் எங்கடா பறக்கும்?” என்றேன். அன்றைக்கு முழுக்க என்னோடு நீ பேசவில்லை.

அவனை ஓட்டுகிற விதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீ கவனிக்கவில்லை. உனக்குச் சண்டை வந்தால்தான் காது திறக்கும். தைப்பூசம் நெருங்கினால் உன் அப்பா லோரிப் பட்டறையில் வெல்டிங் வேலையை முடித்துவிட்டு வந்து நம் வாசலில் காவடிச் சட்டம் செய்துகொடுப்பார். நேர்ந்துகொண்டவர்கள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆளைவிடப் பெரிய சட்டம், மயிலிறகு, படங்கள், மணிகள். அத்தனையையும் ஒற்றை ஆள் எப்படித் தூக்குகிறான் என்று அவரைக் கேட்டேன். “தோள்ல ஏத்துனா பாதி வழியில ஒக்காந்துருவான். இடுப்புப் பட்டையில ஏத்தணும். தோளு சும்மா ஆடாம இருக்கிறதுக்கு” என்றார். கரிமுத்து அப்படித்தான் உருவானான். ஓட்டுகிற ஆள் தலையில் இல்லை, வயிற்றுக்குள் நிற்கவேண்டும். இடுப்பில் அகலப் பட்டை, தோளில் இரண்டு வார், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கம்பிகள். உள்ளே இருக்கிற ஆள் காலைத் தூக்கினால்தான் அவன் காலைத் தூக்குவான். உள்ளே வேகிற வெக்கை, அதனால் விரதமிருந்து உடம்பை லேசாக்கிக்கொண்டுதான் ஏறமுடியும். நாற்காலி கிடையாது. உள்ளே இருப்பவர் உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்துவிடுவான், அவன் உட்கார்ந்தால் ஊர் போய்விடும்.

காவடி எடுப்பவருக்கு முன்னால் ஒருவர் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, வா வா, இன்னும் கொஞ்சம்தான் என்று கண்ணைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார், பார்த்திருக்கிறாய். கரிமுத்துவுக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு. வயிற்றுக்குள் நிற்பவருக்கு ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் வெளியே தெரியும். அதனால் அவன் காலடிக்கு முன்னால் ஒருத்தி சிவப்புத் துணியைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடக்கவேண்டும். அவள் பெயர் ரொக்கியா. உள்ளே நிற்பவள் பவளம். இரண்டு பேரும் என்னைப்போல ஒரே மேசையில் கம்பி ஒட்டுகிறவர்கள். கை நடுங்காது, நெடுநேரம் ஒரே இடத்தில் இருக்கத் தெரியும், சாப்பாட்டு மணி அடிக்கிறவரை கழிவறைக்குப் போகாமல் இருக்கவும் தெரியும். பட்டறை ஆட்கள் வாட்டசாட்டமான ஆண்களையெல்லாம் ஏற்றிப் பார்த்து, ஒருவனும் தாக்குப்பிடிக்காமல், கடைசியில் பவளத்திடம் வருகிறார்கள். அவள் வீட்டில் உலை வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவர்களைக் காக்க வைக்கிறாள். அந்த இடத்தை நான் சொன்னபோது நீ எச்சில் கையோடு சிரித்தாய். நீ சிரித்ததால்தான் இது கதைதான் என்று எனக்கே தெரிந்தது.

படம் உன்னுடையது. அதை நான் எங்கும் மறுத்ததில்லை, இங்கேயும் மறுக்கமாட்டேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நீ போட்ட முதல் கரிமுத்துவுக்கு முகமே இல்லை, ஒரு புகைபோக்கிதான் இருந்தது. ஏன் என்று கேட்டால், எஞ்சினுக்கு ஏதும்மா மூஞ்சி என்றாய். எனக்கு அது தோன்றியிருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் ஒன்று வந்துகொண்டிருந்தது, பம்பர மாமா என்ற பெயரில் ஒருவர் நடத்தினார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டுமே எழுதலாம் என்பது அவர் விதி. கதையைப் படத்தோடு அனுப்பலாம் என்று தோன்றியது. என் பெயரில் அனுப்பினால் எடுக்கமாட்டார், பெரியவர்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் கதைக்கு இடமில்லை. உன் பெயரையும் பள்ளியையும் வகுப்பையும் எழுதினேன். என் கையெழுத்து திருத்தமாக இருக்குமே, சந்தேகம் வந்துவிடுமே என்று இடது கையால் எழுதினேன். கோணலும் மாணலுமாக, சுழிகள் பெரிதும் சின்னதுமாக, பார்ப்பவர்களுக்கு ஒரு குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியது போல இருந்தது. வேண்டுமென்றே இரண்டு எழுத்துப் பிழையும் விட்டேன். எவ்வளவு சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அது வந்துவிட்டது. வாராவாரம் வர ஆரம்பித்தது. கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் நடந்த முதல் போர் முடிந்து, துறைமுகத்து இரண்டாம் போர் தொடங்கியபோது உன் பள்ளியில் உன்னைச் சபைக்கு முன்னால் நிறுத்திக் கைதட்டினார்கள். பாசாரில் மீன் விற்கிற அண்ணன் கூட, “அக்கா, இந்த வாரம் கரிமுத்து கால் ஒடஞ்சிருச்சாமே, அடுத்தாப்ல என்ன?” என்று என்னைத்தான் கேட்டார், உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொல்லி. நான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். எனக்கு அப்போது அதில் ஒரு வேடிக்கை இருந்தது. மேசையில் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாத ஒன்று என் தலைக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு கர்வம். உனக்கு அப்போது என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு பிள்ளையை அவன் செய்யாத ஒன்றுக்காகத் தொடர்ந்து பாராட்டினால், அவன் அதைச் செய்ததாகவே நினைக்க ஆரம்பித்துவிடுவான். பொய் சொல்கிறான் என்று அதற்குப் பெயரில்லை. அவனுக்கு வேறு ஞாபகம் இல்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் சிறுவர் பக்கத்து விழா நடந்ததே, அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். உனக்குப் புது வேட்டி, அது அவிழாமல் இருக்க அப்பாவின் பெல்ட். மேடையில் உன்னை மேசை மேல் ஏற்றி நிற்கவைத்தார் பம்பர மாமா. கூட்டத்திலிருந்து ஒரு வாத்தியார் எழுந்து, “தம்பி, ரோபோவ ஓட்டுற பவளம் ஏன் ஒக்காராம நின்னுக்கிட்டே ஓட்டுறாங்க?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ என்னைத் தேடினாய், கண்டுபிடித்தாய். நான் இரண்டு கையையும் என் இடுப்பில் வைத்துக் காட்டினேன். பட்டை, இடுப்பில் பாரம், காவடி என்று உனக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தேன். நீ என் கையைப் பார்த்தாய். பிறகு, “எனக்குக் கனவுல அப்படித்தான் சார் வந்துச்சு” என்றாய். மண்டபமே கைதட்டியது. தெய்வக் குழந்தை என்று பின்னால் யாரோ ஒரு ஆன்டி சொன்னார். நான் இடுப்பிலிருந்து கையை எடுத்து, நானும் தட்டினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, பரிசாகக் கொடுத்த வர்ணப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். “அம்மா, நான் சொன்னது தப்பா?” என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ கேட்டாய் தம்பி, அந்த நேர்மை உன் கணக்கில். தப்பான பதில் என் கணக்கில். “இல்லய்யா, நல்லாத்தான் சொன்ன” என்றேன். நீ நிம்மதியாகத் தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு நீ அந்த மாதிரிக் கேள்வி எதுவும் என்னிடம் கேட்டதில்லை.

உனக்குப் பன்னிரண்டு முடிந்ததும் பம்பர மாமா கதையை நிறுத்திவிட்டார். மூன்றாம் போர் பாதியில் நிற்கிறது, கரிமுத்து ஆற்றோரம் மண்டியிட்டிருக்கிறான், பவளம் உள்ளே இருக்கிறாள். நம் வளரும் எழுத்தாளர் பெரியவராகிவிட்டார், வாழ்த்தி விடைகொடுப்போம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. நீ அழவில்லை. உனக்கு அப்போது பந்து விளையாட்டு பெரிதாகப் போயிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கடைசிப் பகுதியை எழுதி எடுத்துக்கொண்டு, வேலை இல்லாத நாளில் சேலை கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு பஸ் ஏறினேன். பத்திரிகை அலுவலகத்தில் பம்பர மாமா நாற்காலி போட்டு உட்காரவைத்தார், உன்னை விசாரித்தார். நான், “அந்தக் கதை நான் எழுதுனதுங்க. படம் மட்டுந்தான் அவன். நான் பெரியவ, ஆனா கதைய முடிக்கணும். ஒரே ஒரு வாரம் எடம் குடுங்க” என்றேன். அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அலமாரியிலிருந்து பழைய பகுதி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். “இது யாரு கையெழுத்தும்மா?”

“என்னோடதுங்க. எடது கையில எழுதுனது.”

“ஏன் எடது கை?”

“புள்ள எழுதுன மாதிரி இருக்கணும்னுதான்.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் இடது கையால் கரிமுத்து என்று எழுதினேன். அத்தனை வாரம் வீட்டில் சரளமாக வந்த கை அங்கே நடுங்கிவிட்டது, எழுத்து வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் அதைப் பழைய தாளோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, “பாத்துப் பாத்து எழுதுனா யாரும் எழுதலாம்மா” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “புள்ள மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் புள்ளையோட பேரப் பெத்தவளே புடுங்கலாமா? இங்க வந்தத வீட்டுல சொல்லாதீங்க, பையன் மனசு ஒடஞ்சிரும்” என்றார். ஒரு பையன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தான். அதைக் குடித்துவிட்டு வந்தேன், குடிக்காமல் வந்தால் மரியாதையில்லை. வீட்டில் நான் வைத்திருந்த கதைத் தாள்களெல்லாம் பிறகு கிள்ளானில் வெள்ளம் வந்தபோது மற்றச் சாமான்களோடு ஊறிப்போயின. அவர் சொன்னபடி நான் வீட்டில் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கே இந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோதுதான் தெரியும். டிவியை நிறுத்திவிட்டார்.

நீ விளம்பரக் கம்பெனியில் வரைகிறவனாகச் சேர்ந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், அதில் கலப்படம் எதுவும் இல்லை. ஜப்பான் சித்திரக்கதைக் கம்பெனிக்காரர்களிடம் கரிமுத்துவைக் காட்டியிருக்கிறேன் என்று நீ சொன்னபோதும் சந்தோஷப்பட்டேன். போன தீபாவளிக்குப் புதுப் படங்களை எடுத்து வந்து மேசையில் பரப்பினாய். பெயர் கேரிக்ஸ் என்றாய். சாக்லேட் பெயர் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன், சிரித்தாய். நொண்டவில்லை. பறக்கிறான். தலைக்குள் கண்ணாடி அறை, அதில் சாய்வு நாற்காலி, நாற்காலியில் பதினைந்து வயதுப் பையன். “பவளம் எங்க?” என்று கேட்டேன். “அம்மா, ஒரு ஆன்டி ரோபோ ஓட்டுனா எந்தப் புள்ள பாக்கும்?” என்றாய். “ரொக்கியா?” “ரோபோ முன்னால ஒரு ஆளு பின்னாலயே நடந்து போறது லாஜிக்கே இல்ல லா.” எனக்குப் பதில் இருந்தது. நான் பவளத்தை வைத்ததற்குக் காரணமே பிள்ளைகளைப் போருக்கு அனுப்பக்கூடாது என்பதுதான். வளர்ந்தவள் ஒருத்தி, உலையை இறக்கிவைத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளை ஏற்றினேன். நீ பையனை ஏற்றி நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாய். சொல்லியிருப்பேன், நீ அதற்குள் முறுக்கை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் காட்டப் போய்விட்டாய்.

நிருபர் வரப்போகிறார் என்று நீ கூப்பிட்டுச் சொன்னதும் எனக்கு ஒரு நப்பாசை. இப்போதாவது என்று. “அம்மா, ரொம்ப டீடெயிலாப் பேசாத லா. ஜப்பான் கம்பெனியில ஒரே ஆளு கிரியேட் பண்ணுனதான்னு கேக்குறாங்க. நீ ஏதாச்சும் சொல்லி கன்பியூஸ் ஆயிடப் போவுது” என்றாய். வந்தது ஒரு சின்னப் பெண், நல்ல மரியாதை. “ஆன்டி, அண்ணன் சின்ன வயசுலயே இத எல்லாம் தனியாவா யோசிச்சாங்க?” என்று கேட்டாள். “ஆமாம்மா, எல்லாம் அவனாத்தான்” என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் உன்னிடம் சொன்னதற்குப் பிறகு இது இரண்டாவது முறை, முதல் முறையைவிடச் சுலபமாக வந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, “நீங்க கதையெல்லாம் படிப்பீங்களா ஆன்டி?” என்று கேட்டாள். எனக்கு நேரம் எங்கம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்புறம் சமையலறையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று ஞாபகமில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்கு வருகிறேன். பத்திரிகையைப் பார்த்தாயா என்று கேட்டாய், பார்த்தேன் என்றேன். பிறகு குரல் மாறியது. “அம்மா, மூணாவது போர எப்படி முடிக்கலாம்னு நெனச்சோம், ஞாபகம் இருக்கா?”

“நெனச்சோமா?”

“ஆமா லா, நீகூட ஏதோ சொல்லுவியே. மொத ரெண்டு போரும் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு, அத அப்படியே வச்சிக்கிறாங்க. முடிவு கேக்குறாங்க. நான் நாலஞ்சு விதமா எழுதிப் பாத்துட்டேன், எதுவுமே சரியா வரல.”

“பவளந்தான் இப்ப இல்லையே.”

“அதப் பையனுக்கு மாத்திக்கிறேன்மா. நீ முடிவ மட்டும் சொல்லு.”

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

தம்பி, எனக்குக் கோபம் இருக்கிறது. நீ ஊருக்குப் போகிற நேரத்தில் இதை எழுதவேண்டியிருக்கிறதே என்று துக்கமும் இருக்கிறது. எனக்குப் பணம் வேண்டாம். உன் ஒப்பந்தத்தைக் கெடுக்கவும் எனக்கு ஆசையில்லை. வழக்குப் போடவும் என்னிடம் ஆதாரம் இல்லை, என் இடது கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிறகு வேறு எதைக் காட்டுவேன்? அன்றைக்குப் போனில் நீ ஒரே ஒரு வார்த்தை வேறு மாதிரிக் கேட்டிருந்தால், உன் கதையை எப்படிம்மா முடிக்கிற என்று கேட்டிருந்தால், நின்ற இடத்திலேயே முழுக்கச் சொல்லியிருப்பேன். என் பெயரைப் போடு என்றுகூடக் கேட்டிருக்கமாட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

முடிவு எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பஸ்ஸிலும் மேசையிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, இப்போது ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. அது நிற்கிறவளுக்கு வைத்த முடிவு. ஆற்றோரம் மண்டியிட்ட கரிமுத்துவுக்குள்ளே, வீட்டில் ஆள் காத்திருக்கிற ஒரு பெண் என்ன செய்வாளோ அதுதான் அது. உன் பையனை நாற்காலியோடு தூக்கி அதில் வைத்தால் பொருந்தாது. அதனால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பொருந்தினாலும் சொல்லமாட்டேன்.

நீ தனியாகச் செய்ததாக நாடே படித்துவிட்டது. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் தனியாகவே முடித்துவிடு. நன்றாக வரையத் தெரிந்தவன் நீ, ஏதாவது ஒரு முடிவு வராமல் போகாது. ஜப்பானிலும் மற்ற ஊர்களிலும் பிள்ளைகள் முதல் போரைப் படித்துவிட்டு, இரண்டாவதைப் படித்துவிட்டு, மூன்றாவதற்கு வருவார்கள். உன் அம்மா எந்தப் பக்கத்தோடு கதையைவிட்டு இறங்கிப் போய்விட்டாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.